அத்தானுக்கு ஒரு நேர்மையான தோல்வி

பணி ஓய்வுக்குப் பிறகு எனக்கிருக்கும் ஒரே வேலை, என் அக்கா வீட்டுக்காரரை வேடிக்கை பார்ப்பதுதான். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். எத்தனை வருடமாக என்று கேட்காதீர்கள். கட்டடத்துக்குக் கடைக்கால் தோண்டியபோதே அத்தான் பக்கத்தில் நின்று பள்ளத்தைக் குறை சொன்னார் என்று சத்தியம் செய்வேன். லிப்ட் நின்றால் அத்தான். குழாயில் காற்று வந்தால் அத்தான். களைத்துக் களைத்து, மனிதர் நின்றபடியே தூங்கக் கற்றிருந்தார். குதிரைகள் வந்து பாடம் கேட்டுப் போகும்.

ஒவ்வொரு தேர்தலிலும் தனக்கு ஓட்டுப் போடாதீர்கள் என்று மாடி மாடியாகக் கெஞ்சுவார். ஒவ்வொரு தேர்தலிலும் ஜெயிப்பார்.

"சீட்டு எண்றப்போ எவனோ கைவைக்கிறான், மச்சான். நெஜமா நான் தோத்துட்டுத்தான் இருக்கேன்."

அதற்காகவே இந்த முறை பிளாக்செயின் கொண்டுவந்தார். மூன்றாம் மாடி சாப்ட்வேர் பெண் பொறுமையாக விளக்கினாள்: "ஒவ்வொரு ஓட்டும் முந்தின ஓட்டோட சங்கிலி மாதிரி பிணைஞ்சு, எல்லார் போன்லயும் ஏறிடும். யார் போட்டதுன்னு தெரியாது. ஒருத்தர் மாத்தினா மத்த போனெல்லாம் காட்டிக் குடுத்துடும், அங்கிள்."

"கடவுளே நெனச்சாலும் மாத்த முடியாதுல்ல?"

"அவர் நம்ம சங்கத்துல மெம்பரே இல்ல, அங்கிள்."

அத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. எதிர்த்து நிற்க முதல் மாடிப் பல் டாக்டரைப் பிடித்தார். "ஜெயிக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்தா நிக்கிறேன்" என்றார் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வண்டி நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் காத்திருந்தோம். எல்லாப் போனும் ஒன்றாகச் சிணுங்கின. டாக்டருக்கு இரண்டு ஓட்டு. மிச்சம் அத்தனையும் அத்தானுக்கு.

அத்தான் என் போனைப் பிடுங்கிப் பார்த்தார். டாக்டர் போனைப் பார்த்தார். எங்கும் அதே இரண்டு.

"அப்போ... இத்தனை நாளும் யாருமே கைவைக்கலையா?"

அத்தான் மறுபடியும் அந்த இரண்டையே பார்த்தார்.

"ஒண்ணு நான் போட்டது. இன்னொண்ணு?" ஆசையோடு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். என் வீட்டுக் குழாய் ஒழுகுகிறதே, நான் என்ன செய்ய?

"நான்தான்" என்றாள் அக்கா. "ஒரு நாளாவது நீங்க உக்காந்து சாப்பிடணும்னு போட்டேன்."

அவர் சட்டைப் பையிலிருந்த மோட்டார் அறைச் சாவியை எடுத்துக்கொண்டு அவளே நடந்தாள். "தலைவரே, எங்க வீட்டுல தண்ணி..." என்று ஆரம்பித்த டாக்டர், அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் தன் பல்லையே விழுங்கியிருப்பார்.

அத்தான் நாற்காலியில் சாய்ந்தார். மறு நொடி குறட்டை. அவர் உட்கார்ந்து தூங்கி அன்றைக்குத்தான் பார்த்தேன்.