கேமராவைப் பார்க்காத மாப்பிள்ளை

கொழும்பில் படம் எடுக்க இடத்துக்கா பஞ்சம்? தாமரைக் கோபுரம் இருக்கிறது, காலி முகத்திடல் இருக்கிறது, சுதந்திர சதுக்கத்தில் கல்தூண்கள் வரிசையாக நிற்கின்றன. கொழும்புக்காரர்கள் எல்லாம் எங்கள் தலவாக்கலைத் தேயிலைக்கு நடுவே நின்று பல்லைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். அந்தத் தேயிலைக்குள்ளேயே பிறந்த கேஷிகாவுக்குக் கல்யாணப் படம் கொழும்பில்தான் எடுக்க வேண்டும்.

கேமரா அவள் அண்ணன் பிரதாபனுடையது. மாப்பிள்ளை சதீஸ்குமார் அடுத்த தோட்டம். இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. போன வருஷம் தேர்த் திருவிழாவில் சதீஸ் விட்ட குத்தில் பிரதாபனின் முன்பல் போனது. பிரதாபன் எறிந்த கல்லில் சதீஸின் புருவம் பிளந்தது. ஊரில் வேறு ஆளே கிடைக்காததுபோல் அவள் அவனைத்தான் காதலித்துத் தொலைத்தாள். அழுது அடம்பிடித்து அண்ணனைச் சம்மதிக்க வைத்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: தாலி ஏறுவதற்குள் இவர்கள் ஒருவரை ஒருவர் ஒரு தடவையாவது ‘மச்சான்’ என்று கூப்பிட வேண்டும். படமெல்லாம் அதற்கு ஒரு சாக்கு.

“கேமராவப் பாக்காதடா! அவளப் பாரு,” என்று கோபுரத்தடியில் பிரதாபன் கத்தினான்.

“ஒன் மூஞ்சியப் பாக்கணும்னு எனக்கு என்னடா வேண்டுதலா?” என்றான் சதீஸ்.

மத்தியானம் காலி முகத்திடலில் அது கைகலப்பாகிவிட்டது. இறால் வடை வண்டி சரிந்தது. பிரதாபனின் உதடு கிழிந்தது, சதீஸின் புதுச் சட்டை முழுக்க இரத்தம். ஒரு பொலிஸ்காரர் சிங்களத்தில் திட்டியபடி இருவரையும் பிரித்துவிட்டார்.

“ஒருத்தர ஒருத்தர் கொன்னுட்டு வாங்க. ரெண்டு பேருக்கும் சேத்து நான் அழுவுறேன்,” என்றாள் கேஷிகா.

சட்டை மாற்றிக்கொண்டு கடைசியாகப் போன இடம் பம்பலப்பிட்டி கடலோரத் தண்டவாளம். சூரியன் இறங்கும் நேரம். எங்கள் ஆட்களுக்கு ரயில் பாதை என்றால் டவுனுக்குப் போகிற நடைபாதை. மலையில் ரயில் முக்கி முனகி ஏறும், இரண்டு வளைவுக்கு அப்பால் வரும்போதே கேட்டுவிடும், பேசிக்கொண்டே ஒதுங்கலாம். கடற்கரையில் நேர்ப் பாதை, நல்ல வேகம், போதாததற்கு அலை இரைச்சல். இந்தப் பாழாய்ப்போன விஷயத்தை அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

பிரதாபன் தண்டவாளத்தின் நடுவில் நின்று கேமராவைக் கண்ணில் வைத்தான். கொஞ்சம் தள்ளி இருவரும் கைகோத்து அவனை நோக்கி நடந்து வந்தார்கள். அவன் முதுகுக்குப் பின்னால் ரயில் வந்தது. சதீஸ்தான் முதலில் கண்டான். கேஷிகாவைப் பாறைப் பக்கம் தள்ளிவிட்டு, கத்திக்கொண்டே பிரதாபனை நோக்கி ஓடினான்.

கேமராவுக்குள் பிரதாபன் கண்டது வேறு. தங்கச்சியைக் கீழே தள்ளிவிட்டு, மத்தியானக் கோபத்தோடு அடிக்க வருகிறான் இந்த நாய். விரல் தானாகவே பட்டனை அழுத்தியது. சதீஸ் கிட்டே வந்ததும் அவன் மூக்கில் ஓங்கிக் குத்தினான். எலும்பு நொறுங்கியது. சதீஸ் தள்ளாடினான், ஆனால் திருப்பி அடிக்கவில்லை. பிரதாபனை இடுப்போடு கட்டித் தூக்கிக் கற்களின் மேல் எறிந்தான். அந்தக் குத்து மட்டும் விழாமல் இருந்திருந்தால் அவனும் தப்பியிருப்பான். ரயில் அவனை அடித்து, வெகுதூரம் இழுத்துப் போய்த்தான் நின்றது.

சவப்பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் சதீஸின் அம்மா பேச்சியம்மா பெட்டியில் தலையை முட்டிக்கொண்டு, “எம் புள்ள மொகத்த நேரா ஒரு தடவ காட்டுங்கய்யா,” என்று கதறினாள்.

அவளுக்குக் காட்ட ஒரு படம் தேடினார்கள். கேமராவில் இருந்த மற்ற அத்தனை படத்திலும் அவன் கேஷிகாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நேராகப் பார்த்தது கடைசிப் படத்தில் மட்டும். கண் பிதுங்கி, வாய் பிளந்து, ஓடி வரும் முகம்.

கட்டுப் போட்ட கையால் பிரதாபன் அதை மறைத்தான். “இது வேணாம் தங்கச்சி. இதுல கோவமா இருக்காரு.”

கேஷிகா அவன் கன்னத்தில் அறைந்தாள். இன்னும் ஒரு தடவை அறைந்தாள்.

“கோவமா? ஒன் காதுல அது ஏறல. எனக்குக் கேட்டுச்சு. மச்சான், மச்சான்னு கத்திக்கிட்டுத்தான் ஓடுனாரு.”