லாடத்தோடு நின்ற உயரம்

சுங்கச் சிப்பந்தி தெட்சிணாமூர்த்தி மறுபடியும் பெருக்கிப் பார்த்தார். நூற்று முப்பத்து நாலுதான் வந்தது. எல்லைச் சாவடி வாசலில் வேப்பமரத்தில் கட்டியிருந்த குதிரையோ நூற்று முப்பத்தேழு சென்டிமீட்டர் இருந்தது.

நாகப்பட்டினத்து மிருக வைத்தியர் எழுதிய சீட்டில் உயரம் 13.2 கை. எல்லைக்கு அந்தப் பக்கம் குதிரையைக் கைக் கணக்கில்தான் அளப்பார்கள். ஒரு கைக்கு நாலு அங்குலம். ஐம்பத்து மூன்றாம் வருஷம் காரைக்காலில் இன்னும் பிரெஞ்சு ராஜ்யம், எல்லாமே மீட்டர். ஒரு கைக்குப் பத்து சென்டிமீட்டர் சொச்சம் என்று போட்டுப் பெருக்கியிருந்தார். கணக்கில் தன்னை யாரும் மடக்க முடியாது என்ற மிதப்பு அவருக்கு எப்போதும் உண்டு.

"சந்தையிலேருந்து வர்றதுக்குள்ள குதிர வளந்துடுமா பாய்? சீட்டு வேற குதிரையோடது."

"அல்லாவுக்குத் தெரியும்ங்க. நான் வாங்கினது இதத்தான்."

குதிரையோடு வந்த மன்சூர் அலி சீட்டை மறுபடியும் நீட்டினார். திருட்டுக் குதிரை என்று முடிவானால் பறிமுதல். பெரிய அதிகாரி மதியம் ஜீப்பில் வந்து, தன் கையால் அளந்து தீர்ப்புச் சொல்வார். பழைய குதிரை செத்ததிலிருந்து மன்சூரின் ஜட்கா வண்டி கொட்டகையில் கிடக்கிறது. மனைவி ஷரீபுன்னிசா பலகாரம் சுட்டு விற்றுத்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

தெட்சிணாமூர்த்தி உள்ளே உட்கார்ந்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்தபோது வெளியே இரும்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். மண்ணில் நாலு லாடம் கிடந்தது. மன்சூர் கையில் குறடு.

"கழட்டிட்டேங்க. இப்ப அளந்து பாருங்க. இன்னமும் ஒசரமா இருந்தா கொளம்பச் செதுக்கிடுறேன்."

அவ்வளவு செதுக்கினால் குதிரை நொண்டிதான், அது இருவருக்குமே தெரியும். தெட்சிணாமூர்த்திக்கு ஆத்திரம் வந்தது, பாவமாகவும் இருந்தது. அளவுகோலை வெடுக்கென்று எடுத்து நிறுத்தினார். எடுத்த வேகத்தில் கோல் திரும்பிவிட்டது. கண்ணில் பட்டது அங்குலப் பக்கம். ஐம்பத்து மூன்றரை. சும்மா இருக்காத மனது நாலால் வகுத்தது. பதின்மூன்று கை, மீதி ஒன்றரை அங்குலம். லாடத்தின் கனம் அரை அங்குலம். சேர்த்தால் பதின்மூன்று கை, இரண்டு அங்குலம்.

 புள்ளிக்குப் பின்னால் இருந்தது பத்தில் இரண்டு பாகம் இல்லை, இரண்டு அங்குலம். காலமெல்லாம் மீட்டரில் எழுதிய பழக்கம் அதைத் தசமப் புள்ளியாகவே படிக்க வைத்துவிட்டது. சீட்டும் சரி, குதிரையும் சரி. இப்போதுதான், லாடம் இல்லாமல், குதிரை சீட்டுக்குக் குறைந்து நிற்கிறது. பெரிய அதிகாரியோ வாய்க்கணக்கைக் கேட்கிற ஆள் இல்லை, கோல் காட்டுவதைத்தான் நம்புவார்.

"லாடத்தத் திரும்ப அடிங்க பாய்."

"ஐயா?"

"தப்பு என்னோடது. சீக்கிரம் அடிங்க."

 மன்சூர் வளைந்த ஆணிகளைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தினார். அவசரத்தில் இரண்டு ஆணி தெறித்துப் போயின. தெட்சிணாமூர்த்தி தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு மண்ணில் மண்டியிட்டு, குதிரையின் காலை மடக்கிப் பிடித்தார்.

மூன்று கால் முடிந்தபோது சாலை வளைவில் ஜீப் தெரிந்தது. நாலாவது குளம்பு தெட்சிணாமூர்த்தியின் வெள்ளைக் கால்சட்டையின் மேல், சேறும் சாணமுமாக இருந்தது. மன்சூர் பல்லிடுக்கிலிருந்து ஓர் ஆணியை எடுத்தார்.