டெய்லர் கிட்டார்

தையல் கடையில் ஆள் இல்லாத நேரத்தில்தான் அவள் கிட்டாரை எடுப்பாள். ஒரு பேண்ட்டைத் தைத்து முடித்து அடுத்ததை எடுப்பதற்கு நடுவே கால் மணி நேரம் கிடைத்தால் போதும். தம்பி புதிதாக ஒன்று வாங்கியபோது, "இதைக் குப்பைல போட்டுடுக்கா" என்று விட்டுப்போன பழசு அது. கைக்கு வந்த எதை அவள் குப்பையில் போட்டிருக்கிறாள்? தையல்காரி வீட்டில் துண்டுத் துணிக்கும் ஒரு வேலை இருக்கும்.

கிட்டாருக்கு ஆயிரம் நோய். கழுத்து உச்சியில் கம்பிகள் உட்காரும் சின்னக் கட்டையின் பள்ளம் தேய்ந்துபோய், தொட்டாலே கரகரத்தது. யாரோ கொடுத்த விசிட்டிங் கார்டை மடித்து அந்தக் கட்டைக்கு அடியில் வைத்தாள். கரகரப்பு நின்றது. சுருதி கூட்டத் திருகினால் கம்பி பள்ளத்தில் சிக்கியது. பென்சில் முனையால் உள்ளே நாலு தேய் தேய்த்தாள், வழுக்கிக்கொண்டு போனது. மீட்டுவதற்கு, சட்டைக் காலர் விறைப்பாக நிற்கச் செருகும் பிளாஸ்டிக் பட்டையை நகம் மாதிரி வெட்டிக்கொண்டாள். பக்கத்துக் கடை மூக்குக்கண்ணாடிக்காரர் தலைவலி என்று வந்து நின்றபோது, கோட்டுத் தோளில் வைக்கும் பஞ்சை எடுத்துக் கம்பிக்கு அடியில் செருகினாள். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

எல்லாமே பலித்தது என்று சொன்னால் அது பொய். விரலை நகர்த்தும்போது கம்பி கிறீச்சிடுகிறதே என்று ஒருநாள் தையல் மிஷின் எண்ணெயைத் தடவினாள். உலகத்தில் வேறு யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது. கம்பிகள் செத்துப்போய்த் தொப்தொப்பென்றன. அடுத்து அவள் எடுத்த வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் அச்சாகப் பதிந்தன. அதைத் துவைத்து எடுப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அவளுடைய பெரிய பெருமை கேப்போதான். சுருதியை ஏற்றுவதற்காக எல்லாக் கம்பிகளையும் ஒரே இடத்தில் சேர்த்து அமுக்கும் கிளிப்பை அப்படிச் சொல்வார்கள். அவள் ஒரு பென்சிலைக் கம்பிகள்மேல் குறுக்கே வைத்து, ஜட்டிக்குத் தைக்கும் எலாஸ்டிக்கால் கழுத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டாள். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். வல்லவளுக்கு ஜட்டி எலாஸ்டிக்கே போதும்.

தம்பி இதையெல்லாம் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். டெய்லர் என்ற பெயரில் விலை உயர்ந்த கிட்டார்கள் உண்டு, அதில் ஒன்றையாவது வாங்கிவிட வேண்டும் என்பது அவன் கனவு. "என்னக்கா, எனக்கு முன்னாடியே டெய்லர் கிட்டார் வாங்கிட்டியே!" என்று வருகிறவன் போகிறவன் முன்னாலெல்லாம் சொல்லிச் சிரித்தான். அவளும் சிரிப்பாள், ஆனால் சுருக்கென்று இருக்கும்.

தம்பியின் பாட்டுக் குழுவில் அவனோடு கிட்டார் வாசிப்பவர் மாடிப்படியில் விழுந்து மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை நகர அரங்கில் கச்சேரி. அவர்களுடைய முக்கியமான பாட்டு அவர் வாசிக்கும் தனிக் கிட்டாரோடுதான் தொடங்கும், தம்பிக்கு வேறு பகுதி. அதை முழுதாகத் தெரிந்த இன்னொருவர் அக்காதான். அவன் ஒத்திகை பார்க்கிற வீட்டில்தானே அவளும் இருக்கிறாள்.

"வந்து வாசிக்கா. ஆனா அந்த எலாஸ்டிக் மட்டும் வேணாம். மேடையில மானம் போயிடும்."

"மானத்தைக் காப்பாத்துறதே அந்த எலாஸ்டிக்தான்டா," என்றாள் அவள்.

அவன் குறடை எடுத்துக்கொண்டு கிட்டாரின் தலைப்பக்கம் வந்தான். திருகாணிகளில் அவள் கம்பியைப் பல சுற்றுச் சுற்றி, மிச்சத்தையும் வெட்டாமல் பூனை மீசை மாதிரி நீட்டிவிட்டிருந்தாள்.

"இந்த வாலையாவது நறுக்கிடறேன். பாக்க அசிங்கமா இருக்கு."

"தொட்டே, கையை உடைப்பேன். வெட்டினா வெட்டினதுதான். உள்ள விட்டு வெச்சா, உடம்பு பெருத்தாலும் பிரிச்சு விட்டுக்கலாம்."

"கம்பி எங்கக்கா பெருக்கப் போகுது?"

அவள் குறடைப் பிடுங்கி வைத்தாள். கைப்பழக்கம், அவ்வளவுதான். இருபது வருஷமாக ஒரு துணியைக்கூட அவள் ஒட்ட வெட்டியதில்லை.

ஞாயிறு பிற்பகல் அரங்கம் நிறைந்திருந்தது. பக்கத் திரை இடுக்கில் அவள் எட்டிப் பார்த்தாள். முன்வரிசையில் பாதிப் பேருடைய இடுப்பளவு அவளுக்கு மனப்பாடம். இவர்கள் எல்லாரும் அவளைக் கழுத்தில் இஞ்ச் டேப்போடுதான் பார்த்திருக்கிறார்கள். இன்றைக்கு வேறு மாதிரி பார்க்கட்டும் என்று ஆசையாக இருந்தது. அந்த ஆசையை அவள் வெளியே சொல்லவில்லை.

கடைசியாக ஒருமுறை சுருதி பார்த்தாள். டிங்! இரண்டாவது கம்பி, கீழ் முனையைப் பிடித்திருக்கும் அடிக்கட்டையின் ஓரத்தில் அறுந்து, சுருண்டு மேலே எழும்பியது.

தம்பி பையைத் துழாவினான். உதிரிக் கம்பி வீட்டு மேசையில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை கம்பி விற்கும் எந்தக் கடையும் திறந்திருக்காது. முன்னால் மேடையேறிய குழு கடைசிப் பாட்டில் இருந்தது.

"நீ கீழ போய் உக்காருக்கா," என்றான். "நாங்க எப்படியாவது சமாளிச்சுக்கறோம்."

அவள் முகம் சுண்டிப்போனது. பிறகு அந்தப் பூனை மீசை அவள் கண்ணில் பட்டது.

"எத்தனை நிமிஷம் இருக்கு?"

"மூணு. அதுக்குள்ள என்ன பண்ண முடியும்?"

அவர்கள் குழுவின் பாட்டுக்காரர் வாரம் முழுக்கப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், நேரத்தைக் கணக்கிடத் தெரிந்தவர். "நாலு," என்றார். "கைதட்டுவாங்கல்ல."

அவள் கத்திரிக்கோல் முனையால், அடிக்கட்டை ஓட்டையில் கம்பியை இறுக்கும் முளையை நெம்பினாள். அறுந்த துண்டு, நுனியில் மிளகளவு பித்தளை வளையத்தோடு வெளியே வந்தது. திருகாணியைத் தளர்த்தி, சுற்றிவைத்திருந்த கம்பியை இழுத்தாள். ஒரு சாண் தாராளமாக இறங்கி வந்தது. அதை வளையத்தில் கோத்து முடிச்சிட்டு, கோட்டுப் பொத்தானுக்கு அடியில் நூலைச் சுற்றி இறுக்குவது மாதிரி ஏழெட்டுச் சுற்றுச் சுற்றினாள். வளையத்தை ஓட்டைக்குள் இறக்கி முளையை அழுத்தினாள். தைத்த மடிப்பைச் சோதிப்பது போலக் கம்பியை மூன்று முறை இழுத்து இழுத்து விட்டாள். முடிச்சு அசையவில்லை.

தம்பி சுருதி பார்க்கும் கருவியை நீட்டினான். அவள் திருகாணியை முறுக்க, நேராக வந்து நின்றது முள்.

தான் வாங்கி வந்திருந்த புதுக் கேப்போவையும் அவன் பையிலிருந்து எடுத்தான். அவளைப் பார்த்தான். பென்சிலும் எலாஸ்டிக்கும் ஏற்கெனவே கழுத்தில் ஏறியிருந்தன. அவன் அதைப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டான்.

திரை விலகியது. முதல் எட்டுத் தாளமும் அவளுடையது மட்டும். கிட்டார் பழகுகிறவர்களுக்கு விரல் நுனி காய்த்துப்போக மாதங்கள் ஆகும். ஊசி அவளுக்கு அந்த வேலையை என்றைக்கோ முடித்து வைத்திருந்தது. விரல்கள் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தன. முன்வரிசையில் கண்ணாடிக்காரர் பக்கத்து ஆளின் விலாவில் இடித்து, "எங்க பக்கத்துக் கடை!" என்று சத்தமாகவே சொன்னார். பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்தபோது அவள் தலையைக் குனியவில்லை. நன்றாக நிமிர்ந்து நின்று அத்தனையையும் வாங்கிக்கொண்டாள்.

இறங்கி வந்தார்கள். அடுத்து ஏறவிருந்த குழுவின் கிட்டார்காரர் வழியை மறித்தார். "சத்தம் பிரமாதங்க. என்ன கிட்டார் இது?"

அவள் வாயைத் திறப்பதற்குள் தம்பி சொன்னான்: "டெய்லர்."

"அடேங்கப்பா!" அவர் குனிந்து கிட்டாரின் தலைப்பக்கம் பெயரைத் தேடினார். பென்சில் தெரிந்தது. ஜட்டி எலாஸ்டிக் தெரிந்தது. "பேர் எங்கயும் காணோமே?"

"அங்க இருக்காது." தம்பி அவளைத் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினான். "இதோ நிக்கறாங்க பாருங்க. எங்க அக்கா. டெய்லர்."

அவளுக்குக் கண் கரித்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க, அந்த மனிதரின் கால்பக்கம் பார்த்தாள். பேண்ட் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு அங்குலம் ஏத்தணும்," என்றாள். "நாளைக்குக் கடைக்கு வாங்க. ஆனா வெட்ட மாட்டேன். உள்ள மடிச்சு விட்டுடறேன்."