சபைக்கு நேர்ந்த மரம்

கிட்ட வாருங்கள் மக்கா, பின்னால் நிற்பவர்களும் வந்து உட்காருங்கள். வெள்ளறடை ரெத்தினதாஸின் கதை சொல்கிறேன். சின்னக் கதைதான், மழைக்கு முன் முடிந்துவிடும்.

அவனுக்கு நாற்பது ரப்பர் மரங்கள். அதில் வாசல் கேட்டருகே நிற்கும் ஒன்று, அவன் அம்மை திருச்சபைக்கு நேர்ந்துவிட்டது. அதில் கட்டிய கொட்டாங்கச்சிச் சிரட்டையில் உறையும் பால் ஒரு சாக்கில் சேரும். சபையின் ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்துக்குப் போகும்.

பாலுக்காக மரப்பட்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் கீறி வெட்டுவதே முறை. அந்த வருடம் ரப்பர் விலை ஏறியது. ரெத்தினதாஸுக்கு வீட்டின்மேல் மாடி எழுப்ப ஆசை வந்தது. தினமும் வெட்டத் தொடங்கினான்.

பக்கத்துத் தோட்டக்காரன் சோமன் வேலிக்கு அப்புறம் நின்று சிரித்தான்.

"எலே, ஞாயிறாழ்ச்சயும் உண்டா? உங்க கர்த்தரே ஒரு நாளு ஓய்ஞ்சிருந்தாருல்லா!"

"நீ உன் சோலியப் பாருலே."

மனைவி ராஜபாய் கேட்டாள்: "கேட்டு கிட்ட நிக்க மரத்த மட்டும் ஏன் தெனம் வெட்டல்ல?"

"அதுக்க பாலு நமக்கா கிட்டப்போவுது? பின்ன எதுக்கு மினக்கெடணும்?"

அளவுக்கு மீறி வெட்டியதில், ஆறு மாதத்தில் பட்டமரப்பு நோய் வந்தது. கத்தி பட்டாலும் பட்டையில் பால் கசியாது. ஒவ்வொரு மரமாக, முப்பத்தொன்பதும் வற்றிப்போயின.

ஒரு காலை, கேட்டருகே இருந்த சிரட்டை மட்டும் விளிம்புவரை வெள்ளையாய் நின்றது. ரெத்தினதாஸ் அதன்முன் குத்தவைத்தான். வீட்டில் மரச்சீனிக் கிழங்குக்கே தட்டுப்பாடு.

"எட்டி, இந்த வருசம் மட்டும் இத நாம எடுத்துக்கிடுவமா?" என்று ராஜபாயிடம் கேட்டான்.

"எடுங்க, நான் தடுக்கல்ல. ஆனா நீங்க தெனம் கை வைக்காததுனாலயாக்கும் இதுல பாலு வருது."

அவன் எழுந்தான். பிறகு அந்தப் பாலைச் சபைச் சாக்கிலேயே சேர்த்தான். மற்ற மரங்கள் ஓய்ந்திருக்கட்டும் என்று அவற்றின் சிரட்டைகளை அவிழ்த்துக் கவிழ்த்து வைத்தான். சோமன் தோட்டத்துக்குக் கூலி வெட்டுக்குப் போனான்.

"வா. ஆனா ஞாயிறாழ்ச்ச இஞ்ச வந்தா கால ஒடிச்சிருவேன்," என்றான் சோமன்.

ஒரு வருடம் கழித்து, இருபத்தாறு மரங்களில் பால் மெல்லத் திரும்பியது. மற்றவை வரவில்லை, மாடியும் எழவில்லை. பண்டிகையன்று சாக்கைத் தோளில் சுமந்துபோய் ஆலயத்தில் இறக்கினான். சபை முன் சாட்சி சொல்ல எழுந்தான். "இருபத்தாறும் தந்தீரே, ஸ்தோத்திரம்," என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டான்.

உங்கள் வீட்டுச் சிரட்டையும் வற்றாதிருக்கட்டும் மக்கா. உலையில் இட அரிசியும், வாசலுக்கு வருகிறவருக்கு எடுத்து வைக்க ஒரு பங்கும் உங்கள் வீட்டில் என்றும் இருக்கட்டும்.