நடுவிலிருந்த மஞ்சள்

நாட்டின் கொடியை வரைந்தவர் என்று டிராயிங் மாஸ்டரை ஊரே கைகாட்டும். அவருக்கோ அது காதில் விழுந்தாலே கூச்சம். இருபத்தொன்பது வயதில் போட்டிக்கு அனுப்பிய படம் அது. மேலே நீலம் கடலுக்கு, கீழே பச்சை வயலுக்கு, நடுவே ஒரு விரல் அகல மஞ்சள் மலைப்பக்கத்துச் சிறுபான்மை மக்களுக்கு. அவர் மனைவி அந்த மக்களில் ஒருத்தி. அவர் இரண்டு விரல்தான் போட்டிருந்தார், தேர்வுக்குழு பாதியாக்கிவிட்டது. "எங்க ஜனத்துக்கு ஒரு விரல்தானா? கையையே குடுத்திருந்தா என்ன குறைஞ்சா போயிருக்கும்?" என்று அவள் சிரித்து முப்பது வருடமாகிறது.

புது அரசு வந்ததும் மலையில் கைதுகள் ஆரம்பித்தன. பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்த அவள் தம்பியை வண்டியை நிறுத்தி இழுத்துப் போனார்கள். மூன்று மாதம் அலைந்தும் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று துப்பே கிடைக்கவில்லை. அப்போதுதான் மாஸ்டரைத் தலைமைச் செயலகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

அதிகாரி தானே நாற்காலியை இழுத்துப் போட்டார். டீ வந்தது. கொடியிலிருந்து மஞ்சளை எடுக்கப்போவதாகச் சொன்னார். அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது, இரண்டு நிறமும் ஒட்டாமலிருக்க இட்ட கோடு என்று வரைந்தவரே கைப்பட எழுதித் தந்தால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள் என்றார். மாஸ்டர் பேனாவைத் தொடவில்லை.

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "உங்க மச்சான் விஷயமும் என் மேஜையிலதான் சார் இருக்கு."

நான்கே வரி. ஒரு அடித்தல்கூட இல்லாமல் எழுதி முடித்தார் என்பதுதான் பிற்பாடு அவரை உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் கடிதம் அவர் கையெழுத்தோடு வந்தது. ஒரே வாரத்தில் பழைய கொடிகள் இறங்கின. மச்சான் வரவில்லை. மறுபடி செயலகம் போனால் அந்த அதிகாரிக்கு மாற்றலாகியிருந்தது. புதிதாக வந்தவர் அப்படியொரு ஆளே கணக்கில் இல்லை என்றார். ஆறு நடை நடந்தார். அதன்பின் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

மனைவி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஒரு மத்தியானம் சாப்பிடும்போது தானே பேச்செடுத்தார். எழுதியது பொய்தான், ஆனால் அவனுக்காகத்தான் எழுதினேன் என்றார்.

"பொய்யின்னு ஏன் சொல்றீங்க?" என்றாள் அவள். "முப்பது வருஷம் அந்த மஞ்சள் பறந்துச்சு. தம்பிய ஏத்திக்கிட்டுப் போன ஜீப்புலயும் அதுதான் பறந்துச்சு. அதுக்கு அர்த்தம் இல்லைன்னு நீங்க எழுதினது உண்மைதான்."

கோபமில்லாமல்தான் சொன்னாள். அவள் இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.