நடந்தால் இளைக்குது

வருகிற செவ்வாய்க்கிழமை என் மனைவியின் நெஞ்சைத் திறந்து வால்வைத் திருத்தப் போகிறார்கள். போன வருடமே செய்திருக்க வேண்டிய வேலை இது. ஏன் பிந்தியது என்று கேட்டு என் மகள் ஆஸ்பத்திரிக்கு ஒரு முறைப்பாடு அனுப்பியிருக்கிறாள். தொலைபேசியில் மொழிபெயர்த்த பெண்ணின் பிழைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அதில் எழுதியிருக்கிறாள். மகள் அதைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது உண்மையான குற்றவாளி பக்கத்துக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். வாமதேவன் என்கிற நான்தான் அவன்.

நகுலேஸ்வரிக்கு வால்வு ஒழுகுகிறது என்று தெரிந்து நாலு வருடமாகிறது. இருமலுக்கு மருந்து எடுக்கப் போன இடத்தில் குடும்ப டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இன்னொரு முறை கேட்டுவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே படம் போட்டுக் காட்டினார்கள். இதயத்தின் இடப்பக்கத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்ச இரத்தம் முன்னால் போகாமல் வந்த வழியே திரும்புகிறது.

"ஒழுக்கு பெரியதுதான். ஆனால் உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை, இதயமும் பலமாக இருக்கிறது. இப்போதைக்குத் திறக்கத் தேவையில்லை. பார்த்துக்கொண்டிருப்போம்" என்றார் அங்கிருந்த டொக்டர். நேரம் வந்துவிட்டது என்பதை இரண்டு விஷயங்கள் சொல்லும் என்றார். ஒன்று ஸ்கான். மற்றது அவளுடைய மூச்சு. நடக்கும்போதோ படி ஏறும்போதோ மூச்சு வாங்கத் தொடங்கினால் உடனே சொல்ல வேண்டும். பிந்தினால் வால்வைத் திருத்தலாம், களைத்துப்போன இதயத் தசையைத் திருத்த முடியாது. இதை அவர் இரண்டு முறை சொன்னார். எனக்கு இரண்டு முறையும் நன்றாக விளங்கியது.

நாங்கள் ஜெர்மனியில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு, மகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டனில் மிச்சம் என்கிற இடத்துக்கு வந்தவர்கள். ஜெர்மன் டொக்டராக இருந்தால் நகுலேஸ்வரியே வெளுத்து வாங்கியிருப்பாள். ஆங்கிலத்தில் அவளுக்கு இருப்பது அவள் சமையல் வேலை செய்யும் பள்ளிக்கூடக் குசினிக்குப் போதுமான அளவு. நான் பஸ் ஓட்டுகிறேன், எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். ஆனாலும் வைத்திய விஷயத்தில் வீட்டுக்காரர் மொழிபெயர்க்கக் கூடாதாம். அதனால் ஒவ்வொரு முறையும் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் போட்டார்கள்.

போன வருடம் மாசி மாதமளவில் அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. எங்கள் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று கைப்பையைத் திறந்து வீட்டுக் கதவின் திறப்பைத் தேடுவாள். திறப்பு அவள் கையிலேயே இருக்கும். நான் கண்டேன். கண்டும் காணாதவன் போல சாமான் பைகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

அந்த வைகாசியில் ஸ்கான் பிந்தும் என்று அறிவித்து, அதற்குப் பதிலாக டொக்டர் தொலைபேசியில் கதைப்பார் என்று கடிதம் வந்தது. வியாழக்கிழமை, பகல் ஒரு மணி. எனக்கு அன்று லீவு.

அன்றைக்கு எனக்கு இன்னொரு அலுவலும் இருந்தது. இதை இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. செவன் கிங்ஸில் சந்திரகுமார் என்றொருவர் ஒரு பென்ஸ் கார் விற்க இருந்தார். பழையதுதான், ஆனால் வெள்ளி நிறம், ஒரு கீறல் கிடையாது. ஜெர்மனியில் என் முதலாளி அப்படி ஒன்று வைத்திருந்தார். நான் அதைக் கழுவியிருக்கிறேன். நாள் முழுவதும் ஊரை ஏற்றி இறக்குகிறவனுக்குத் தனக்கென்று ஒரு நல்ல கார் வேண்டும் என்று ஆசை இருக்காதா? நாலு மணிவரை வைத்திருப்பேன், அதற்குப் பிறகு வேறொருவர் வருகிறார் என்று சந்திரகுமார் சொல்லியிருந்தார். மிச்சத்திலிருந்து செவன் கிங்ஸ் லண்டனின் மறு கரை.

ஒரு மணிக்கு வரவேண்டிய அழைப்பு இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்தது. நான் சப்பாத்தும் ஜாக்கெட்டும் போட்டபடி மேசையில் இருந்தேன். நகுலேஸ்வரி போனை ஸ்பீக்கரில் வைத்தாள்.

"வணக்கம்மா, நான்தான் உங்களுக்கு மொழிபெயர்ப்பு பண்றேன்" என்று ஒரு இளம் குரல் கேட்டது. தமிழ்நாட்டுப் பிள்ளை. மரியாதையான பிள்ளை, அதையும் சொல்ல வேண்டும்.

எப்படி இருக்கிறீர்கள், நடக்க முடிகிறதா என்று டொக்டர் கேட்டார். அந்தப் பெண் அதைத் தமிழில் சொன்னாள்.

"நடந்தா இளைக்குது பிள்ளை. முந்தி இப்பிடி இல்லை. இந்த ரெண்டு மூண்டு மாசமாத்தான்."

எங்கள் ஆட்களுக்கு இளைக்கிறது என்றால் மூச்சு வாங்குகிறது. உடம்பு வற்றினால் மெலிஞ்சு போனாய் என்போம். அந்தப் பிள்ளையின் ஊரிலோ இளைப்பது என்றால் உடம்பு குறைவது. அவள் தனக்குத் தெரிந்த தமிழை நேர்மையாக மொழிபெயர்த்தாள். நடப்பதால் இவர் ஸ்லிம் ஆகி வருகிறார், இரண்டு மூன்று மாதமாக வித்தியாசம் தெரிகிறதாம் என்றாள். டொக்டருக்கு நல்ல சந்தோஷம். மிக நல்லது, தொடர்ந்து நடக்கட்டும் என்றார். பிறகு கேட்க வேண்டியதையும் கேட்டார்.

"மூச்சுத் திணறல் ஏதாவது இருக்கான்னு டாக்டர் கேக்குறாரும்மா."

"சீச்சீ, திணறுற அளவுக்கு ஒண்டும் இல்லை."

இல்லையாம் என்று போய்ச் சேர்ந்தது.

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். இரண்டு அடித்து மூன்று நிமிடம். இடையில் புகுந்து, அது ஸ்லிம் இல்லை, மூச்சு என்று ஒரு வசனம் சொன்னால் போதும். சொன்னால் டொக்டர் முதலிலிருந்து தொடங்குவார். எத்தனை படி ஏறலாம், எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார், கால் வீங்குகிறதா. இன்னும் இருபது நிமிடம். அதற்குள் டொக்டரே கேட்டார்: கணவர் அங்கே இருக்கிறாரா, அவர் ஏதும் கவனித்தாரா?

"நோ டொக்டர். ஷீ இஸ் ஃபைன்" என்றேன்.

பிறகு சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். அடுத்த கிழமை நானே எடுத்துச் சொல்வேன் என்று நினைத்துக்கொண்டு படியிறங்கி ஓடினேன். நாலு மணிக்குக் கால் மணி இருக்கும்போது செவன் கிங்ஸில் நின்றேன். அன்று மாலை வெள்ளிக் காரில் வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த கிழமை நான் அழைக்கவில்லை. அதற்கடுத்த கிழமையும் இல்லை. கார் வந்தபிறகு நகுலேஸ்வரிக்கு நடக்கும் வேலை குறைந்துவிட்டது. வேலைக்குக் கார், கடைக்குக் கார். படியை ஒரு நாளைக்கு ஒரு தடவை மட்டும் ஏறினாள், அதையும் ஆறுதலாக ஏறினாள். எப்படி இருக்கிறீர் என்று கேட்டால், "இப்ப இளைக்கிறேல்லை" என்பாள். அது பொய் இல்லை. இளைக்கிற அளவுக்கு அவள் எதையும் செய்யவில்லை. எனக்கும் அந்தப் பதில் வசதியாக இருந்தது. கண்டவர்களிடமெல்லாம் அவள் சொல்வாள்: "என்னை நடக்க விடக்கூடாதெண்டு இவர் கார் வாங்கினவர்."

இந்தப் பங்குனியில்தான் ஸ்கான் எடுத்தார்கள். முடிவு சொல்ல நேரில் கூப்பிட்டார்கள். மன்செஸ்டரில் வேலை செய்யும் மகள் சயந்தினியும் வந்தாள். டொக்டர் படத்தைத் திரையில் ஓடவிட்டு, இதயம் பெருத்துவிட்டது, தள்ளும் சக்தி குறைந்துவிட்டது என்றார். வால்வைத் திருத்தலாம், திருத்தத்தான் வேண்டும். ஆனால் முன்பு இருந்த பலம் திரும்பி வரும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆபத்தும் போன வருடத்தைவிட இப்போது கூடுதல். "கொஞ்சம் முந்திச் செய்திருக்கலாம்" என்றார். அவர் யாரையும் குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சயந்தினி மேசை லாச்சியிலிருந்த கடிதங்களை எல்லாம் கொட்டினாள். போன வருடத் தொலைபேசி உரையாடல் பற்றி ஆஸ்பத்திரி அனுப்பிய கடிதம் உடைக்காமலே கிடந்தது.

"அம்மா, நீங்கள் எப்ப வெயிட் லூஸ் பண்ணினீங்கள்?"

"நானோ? எப்ப நான் மெலிஞ்சனான்?"

"நடந்து மெலிஞ்சதெண்டு இதில போட்டிருக்கு. நீங்கள் என்ன சொன்னனீங்கள்? வேர்ட் பை வேர்ட் சொல்லுங்கோ."

தாய் சொன்னதும் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. கெட்டிக்காரி. முகம் சிவந்துபோய் லாப்டொப்பைத் திறந்தாள். "அந்தப் பிள்ளை பாவம், விடு" என்று தாய் இரண்டு முறை சொன்னாள். மகள் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, "அப்பா, நீங்களும் அதில இருந்தனீங்களெல்லோ, உங்களுக்கு ஒண்டும் கேக்கேல்லையா?" என்றாள். எனக்கு நினைவில்லை என்று சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவப் போனேன்.

போன கிழமை பதில் வந்தது. அந்த அழைப்பின் ஒலிப்பதிவு இருக்கிறதாம். அதை எடுத்துக் கேட்டு, யார் என்ன சொன்னார்கள் என்று எழுத்தில் அனுப்புவார்களாம்.

அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மகள் அறிவது ஒரு பக்கம். நகுலேஸ்வரி அதைக் கடுதாசியில் அறியக்கூடாது, என் வாயால் அறிய வேண்டும், செவ்வாய்க்கிழமைக்கு முன் அறிய வேண்டும். அவள் அந்த ஒப்பரேசன் மேசையிலிருந்து எழும்பாமலே போனால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

இன்று ஞாயிறு. வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போய் அவள் பேரில் அர்ச்சனை செய்தோம். கோயில் வாசலிலிருந்து கார் நின்ற பக்கத்துத் தெருவுக்கு நூறு அடி இருக்காது. அதற்குள் அவள் இரண்டு மதில்களைப் பிடித்து நின்றாள். காரில் ஏற்றி, கதவைச் சாத்தி, நானும் பக்கத்தில் ஏறி, அவள் மூச்சு ஒரு நிலைக்கு வரும்வரை பார்த்திருந்தேன்.

"நகுலா, உம்மட்டை ஒண்டு சொல்ல வேணும். அந்த டெலிபோன் விசயம். அந்தப் பிள்ளை பிழையாச் சொன்னது எனக்கு அப்பவே விளங்கினது."

"தெரியும்" என்றாள்.

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மடியிலிருந்த பிரசாதப் பையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஸ்லிம் எண்டா என்னெண்டு எனக்குத் தெரியாதே? எத்தினை வருசமாக் குசினியில இங்கிலீசுக்காரியளோட நிக்கிறன். நீங்கள் ஃபைன் எண்டு சொன்னதும் கேட்டது."

"அப்ப ஏன் நீர் பேசாமல் இருந்தனீர்?"

"உங்கட முகத்தைப் பாத்தனான். சப்பாத்தோட இருந்து காலை ஆட்டிக்கொண்டு, நிமிசத்துக்கு ஒருக்கா மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு. எனக்கு நெஞ்சைத் திறப்பாங்கள் எண்டு இந்த மனுசனுக்கு இவ்வளவு பயமோ எண்டு நினைச்சன். கலியாணம் முடிச்சு இருபத்தொன்பது வருசம். சயந்தினி பிறந்த அண்டைக்கும் நீங்கள் வேலைக்குப் போனனீங்கள். எனக்கெண்டு நீங்கள் பயந்து நான் அண்டைக்குத்தான் கண்டனான். கொஞ்ச நாள் போகட்டும், இவர் ஆறட்டும் எண்டு விட்டன். பிறகு நடக்க விடாமல் காரும் வாங்கினீங்கள்."

சந்திரகுமாரின் பெயர் என் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லத்தான் அவளை அங்கே இருத்தினேன்.

"பயத்திலதானே அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன். "பயத்திலதான்."

அவள் தலையை ஆட்டினாள். "சயந்தினிக்கு நான் சொல்லுறன், அந்தப் பிள்ளைக்கு நான்தான் வடிவாச் சொல்லேல்லை எண்டு. முறைப்பாட்டைத் திருப்பி எடுக்கட்டும். நீங்கள் சொன்னதை அவள் அதில வாசிக்க வேண்டாம்."

வேண்டாம், நானே சொல்கிறேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். திறப்பைப் போட்டுக் காரை ஸ்டார்ட் பண்ணினேன். அவள் தன் கையை என் கைக்கு மேல் வைத்தாள். கை குளிர்ந்திருந்தது.

"செவ்வாய்க்கிழமையை நினைக்க எனக்கு இப்ப பயமா இல்லை" என்றாள். அந்த ஒரு வசனத்தைச் சொல்லி முடிக்க அவளுக்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது.