எல்சா ஏறாத வேன்

மெக்கானிக் மரியஅந்தோணி என் வேனுக்குப் புது பெட்ரோல் டியூப் மாட்டிக் கொடுத்த மறுநாள், அவருடைய மகள் எல்சா வேனில் வரவில்லை.

"காய்ச்சலுங்க" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நெல்லியாளம் எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோகிறவன் நான். ஊர் சாத்தூர். இங்கே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட அந்தப் பிள்ளைகளை விட்டால் ஆளில்லை.

அன்று மலை ஏற்றத்தில் பெட்ரோல் வாடை அடித்தது.

"சங்கிலி அண்ணா, சென்ட்டு மாத்திட்டீங்களா?" என்றாள் பின்சீட்டிலிருந்து சுமலதா. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எஞ்சின் என் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. ஒரு பொறி போதும்.

மரியஅந்தோணியிடம் கேட்டேன்.

"புது டியூப்புன்னா கொஞ்சம் வாடை வருமுங்க."

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில் எல்சா பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"காய்ச்சல் விட்டுருச்சாம்மா?"

"எனக்கெங்கண்ணா காய்ச்சல்? அப்பாதான் கொஞ்ச நாளைக்கு பஸ்ல போன்னாங்க."

வேனை அங்கேயே நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். பிள்ளைகள் எல்லாரையும் எல்சா போகிற பஸ்ஸிலேயே ஏற்றிவிட்டுச் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். டியூப் வேர்த்திருந்தது. அமுக்கினால் ஊறிப்போன செருப்பு மாதிரி மெத்தென்று இருந்தது. துணியால் துடைத்தேன், மேலே அச்சடித்திருந்த எழுத்து துணியோடு வந்துவிட்டது.

எஞ்சின் ஆறியதும் டியூப்பைக் கழற்றி ஒர்க்‌ஷாப்பில் அவர் முன்னால் போட்டேன்.

"பெட்ரோல் டியூப்புன்னுதானுங்க கடையில குடுத்தான். ஒரு ஜீப்புக்கும் இதுலயே வெட்டிப் போட்டேன். அன்னிக்குச் சாயங்காலமே ஒழுகுதுன்னு திரும்பி வந்துருச்சு. உங்ககிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன். வேலை தெரியாதவன்னு பேராயிடுமேன்னு..."

"மகளுக்கு மட்டும் பஸ்ஸு."

அவர் பைக் சாவியை எடுத்தார்.

அவர் பைக்கிலேயே வேறு கடை தேடி இரண்டு பேரும் கூடலூர் போனோம். கடைக்காரர் முதலில் எடுத்துப்போட்டதை நான் தொடவில்லை. எத்தனால் கலந்த பெட்ரோலுக்கும் பம்பின் அழுத்தத்துக்கும் தாங்குகிற டியூப் வேண்டும் என்றேன். அடுத்து எடுத்துப்போட்டதில், வெட்டிய முனையில் நூல் பின்னல் தெரிகிறதா என்று பார்த்தேன். பைக் டேங்கில் துணியை நனைத்து எழுத்தை அழுத்தித் தேய்த்தேன். போகவில்லை.

"ஏனுங்க, டியூப் வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

ரப்பரை அறுக்காத, ஓரம் மழுங்கிய கிளிப்புகளும் வாங்கினேன். வேன் நின்ற இடத்திலேயே மரியஅந்தோணி மாட்டி முடிக்கும்வரை பக்கத்தை விட்டு நகரவில்லை. எஞ்சினை ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவினார். ஈரமில்லை.

"இனிமே பயமில்லீங்க."

"அப்ப நாளைக்கு எல்சாவ அனுப்புங்க. மொத ஆளா."

காலையில் காலி வேனோடு அவர் வீட்டு வாசலில் நின்றேன். எல்சா ஓடி வந்தாள். அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கொஞ்சம் இருங்க."

என்னை இறங்கச் சொல்லிச் சீட்டைத் தூக்கினார். டார்ச் அடித்துக் குனிந்து கிளிப்புகளைப் பார்த்தார், மோந்து பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏறு கண்ணு" என்றார்.

அவள் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மற்றப் பிள்ளைகளைக் கூப்பிட வண்டியை எடுத்தேன். குளிர் குத்தியது. இருந்தாலும் பள்ளிக்கூடம் வரைக்கும் ஜன்னல் ஒன்றையும் மூடவிடவில்லை.